மிதந்த கிணறு

சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு ராஜஸ்தான்.
பக்கத்து மேசைக்குக் கேரளம்,
ஒரு படகு செய்தால் தீர்ந்தது.
கடைசி மேசைக்குப் பஞ்சாப்.
பெயரை வாசித்து முடிக்குமுன்னே
பெஞ்சைத் தட்டி ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் கைக்கு வந்தது
மை தீர்ந்த நகல் இயந்திரம் துப்பிய ஒரு படம்:
மண்ணுக்குள் தலைகீழாக இறங்கும் மாளிகை,
மூன்று பக்கமும் படிகள்,
அடியில்
கைக்குட்டை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ.
படிக்கிணறு, என்றார் நோங்ரும் மிஸ்.
செய்துவிட்டு எழுதுங்கள்,
எழுதிவிட்டுச் செய்யாதீர்கள்.
இருபத்தைந்து மதிப்பெண்.

தண்ணீருக்காக யாராவது இறங்கிப் போவார்களா?
கேட்டவன் கிட்போக்.
சொஹ்ராக்காரன் கேட்கக்கூடிய கேள்விதான்.
ஜூனில் இங்கே தண்ணீர்
விலாசம் கேட்காமல் வீட்டுக்கு வரும்.
தகரக் கூரையில் ஏறி நின்று கத்தும்.
ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது,
சாப்பிடும்போது சைகையில் உப்பு கேட்போம்.
சமூக அறிவியல் புத்தகத்தில்
மன்னர்கள் எல்லோருக்கும் பச்சைப் பூஞ்சைத் தாடி.

ஆனால் அது மார்ச்.

வான்ஃபாய் வீட்டுப் புது டிவியோடு வந்த தெர்மகோல்,
சிமென்ட் மூட்டை உதறியதில் விழுந்த தூள்,
செங்கல் நிறத்துக்குக் காபிப்பொடி
(அம்மாவுக்குத் தெரியாது).
படிகளைப் பென்சில் முனையால் எண்ணினேன்.
நாற்பதுக்குப் பிறகு
நகலின் நிழல் விழுங்கிவிட்டது.
பதினைந்து போதும் என்றான் கிட்போக்,
எவன் எண்ணப் போகிறான்.

பொம்மைகள் டாஃபிராவின் பொறுப்பு.
அவள்தான் தினமும் தாமதம்.
கிண்ணத்தில் பசை ஆடை கட்டிய பிறகு
மூச்சிரைக்க வருவாள்,
பாவாடை ஓரம் ஈரமாக.
சிவப்புக் காகிதத்தில் பாவாடை வெட்டினாள், சரி.
குடத்தை மட்டும் தலையில் வைக்க மறுத்தாள்.
கூம்புக் கூடையில் இறக்கி,
நெற்றியில் பட்டை மாட்டி,
முதுகில் ஏற்றிவிட்டாள்.
படத்தில் அப்படி இல்லையே என்றேன்.
படத்தில் உள்ளவளுக்கு
ஏறும்போது கழுத்து வலிக்காதா, என்றாள்.

எப்படித் தெரியும் உனக்கு என்று யாரும் கேட்கவில்லை.
புதன்கிழமை அவள் வரவே இல்லை.
பசை டப்பாவோடு நாங்களே போனோம்.

வீட்டுக்குப் பின்னால் சரிவு.
பாறையில் வெட்டிய படிகள்,
சில படிகள் பாதம் அளவு, சில கட்டைவிரல் அளவு.
கிட்போக் சத்தமாக எண்ணிக்கொண்டு இறங்கினான்.
அறுபதில் குரல் தாழ்ந்தது.
நூற்றுப் பன்னிரண்டில்
வரிசையாக முப்பது பிளாஸ்டிக் கேன்கள்,
அவற்றுக்குப் பின்னால்
மூங்கில் குழாயின் நுனியில்
நூல் மாதிரி ஒரு தண்ணீர்.
இருபத்தேழாவது கேன் டாஃபிராவுடையது.
அதன்மேல் உட்கார்ந்து
பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தாள்.

திரும்பும்போது கேனைக் கிட்போக் தூக்கினான்.
நடுவழியில் வைத்தான்.
மறுபடி தூக்கினான்.
ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு படிகள் பெருகின.
தெர்மகோல் தீர்ந்து காலண்டர் அட்டை,
அட்டை தீர்ந்து தீப்பெட்டி.
கிணறு மேசை விளிம்பைத் தாண்டி
நாற்காலிக்கு இறங்கி
தரையைத் தொட்டது.

ஷில்லாங்கிலிருந்து வந்த நடுவர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
உடையும் கூடையும் பொருந்தவில்லை, இரண்டு குறைத்தார்.
அளவு சரியில்லை, மூன்று.
அடியில் நீலத்தாள் கூட ஒட்டவில்லையே,
தண்ணீர் எங்கே?
டாஃபிரா சொன்னாள்:
எங்கள் முறை இன்னும் வரவில்லை, சார்.

முதல் பரிசு படகுக்கு.

கிணற்றை வராந்தாவில் வைத்துவிட்டு மறந்துபோனோம்.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி, கணக்கு வகுப்பில்,
தகரம் பேச ஆரம்பித்தது.
மிஸ்ஸின் வாய் மட்டும் அசைந்தது.
ஜன்னல் வழியாகப் பார்த்தால்
முற்றம் முழுக்கத் தண்ணீர்,
அதில் காபி நிறம் கரையக் கரைய
வெள்ளை வெளேரென்று
எங்கள் கிணறு மிதந்து போகிறது,
படிகள் வானத்தைப் பார்க்க.
ஒரு படியில் சிவப்புப் பாவாடைக்காரி,
நெற்றிப் பட்டை இன்னும் அவிழவில்லை.

கிட்போக் எழுந்து ஓடினான்.
கிணற்றைப் பிடிக்க என்று நினைத்தேன்.
அவன் கையில்
டாஃபிராவின் மதிய உணவு டப்பா,
மூடி இல்லாமல்,
கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே.